பூச்சில்லாத சுவரும் பணி நிறைவுச் சான்றும்

காபிக் கடை திறக்க நான்கு சுவர்களும் ஒரு சான்றிதழும் போதும் என்று அக்கா நம்பியிருந்தாள். சுவர்கள் இருந்தன. மாதக் கடைசிக்குள் திறக்காவிட்டால் இடத்தைச் செருப்புக் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று கட்டட உரிமையாளர் சொல்லியிருந்தார். குடும்பத்தின் முதல் பட்டதாரி, இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவன் என்ற தகுதிகளில், சான்றிதழ் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

உள் அலங்காரம் செய்பவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். வழுவழுவென்ற பூச்சு. முகம் சுளித்தார்.

"முடிஞ்ச மாதிரி இருக்கும்மா."

"முடிஞ்சுதானே இருக்கு?" என்றாள் அக்கா.

"அதான் பிரச்சனை. இப்ப ஜனங்க முடியாததைத்தான் தேடி வர்றாங்க."

நான்கு ஆட்கள் பத்து நாள் பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். செங்கல் தெரிந்தது. குழாய்கள் தெரிந்தன. ஒயரில் பல்புகள் தொங்கின. அம்மா வந்து பார்த்துவிட்டு, "கொத்தனார் பாதியில ஓடிட்டாரா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

அடுத்து, சான்று தர வேண்டிய கட்டட ஆய்வாளர் வந்தார்.

"பணி நிறைவுச் சான்று கேட்டிருக்கீங்க. பணி எங்க நிறைஞ்சிருக்கு?"

"இது ஃபேஷன் சார்," என்றேன்.

"படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லை தம்பி. பூசுங்க."

"பூசிச் சான்று வாங்கிட்டு, அப்புறம் கொத்திக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"முடிஞ்ச கட்டடத்தைக் கொத்தத் தனி அனுமதி வேணும். ஒரு வருஷம் ஆகும்."

அக்காவின் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு இளகிவிட்டது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கட்டுமானம் நடக்கும் இடத்தில் பணியாளர்களுக்குக் காபி வழங்க எந்தச் சான்றும் தேவையில்லை. பணியாளர் தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அவ்வளவே.

"குடிக்க வர்றவங்க என்ன வேலை செய்யறாங்கன்னு எழுதறது?" என்று கேட்டேன்.

"மேற்பார்வைன்னு எழுதுங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான்."

மாதத்தின் கடைசி நாள் கடை திறந்தது. மஞ்சள் கவசத்தை மாட்டிக்கொண்டு முதல் கையெழுத்தை நான் போட்டேன். ஒரே வாரத்தில் வரிசை தெருமுனையைத் தொட்டது. சொந்தக் கவசத்தோடு வந்தவர்களும் உண்டு. எதிரே நகைக்கடைக்காரர் தன் பளிங்குத் தரையை உடைக்கத் தொடங்கினார். ஆய்வாளர் தினமும் இரண்டு முறை வந்து, சர்க்கரை குறைவாக மேற்பார்வை செய்தார்.

பிறகு தொழிலாளர் அலுவலகம் பதிவேட்டை எடுத்துச் சென்றது. நான்கு சுவர்களுக்கு எழுநூற்றுப் பதினாறு மேற்பார்வையாளர்கள். அபராதம் வரும் என்று காத்திருந்தோம். வந்ததோ பாராட்டுக் கடிதம்: இத்தனை பேருக்கு வேலை கொடுத்தமைக்காக. கூடவே ஓர் இணைப்பு: மேற்படி பணியாளர்களின் பெயர்கள் வேலை தேடுவோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முதல் பெயர் என்னுடையது.

அந்த அலுவலகத்துக்கு ஓடினேன்.

"எனக்கு வேலை எதுவும் கிடைக்கலைங்க. காபிதான் குடிச்சேன்."

எழுத்தர் பரிவோடு கேட்டுக்கொண்டார். "அந்த இடத்துல வேலை முடிஞ்சுதுன்னு ஒரு சான்று கொண்டு வாங்க. பேரைத் திரும்பச் சேத்துடலாம்."

கடைக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள். வாசலில் கவசத்தோடு காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"உக்காரு, காபி குடிச்சிட்டுப் போ," என்றாள். "கையெழுத்துப் போட்டுட்டியா?"