சளிக்குப் போனவனை சாக்ஸைக் கழற்றச் சொன்ன உன் மகள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் பாதி பொய். உன் மகள் எங்கள் தெருமுனையில் கிளினிக் திறந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் நலமாக இல்லை. எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அதையும் அவள் பட்டை கட்டி அளந்துவிட்டாள், நூற்றெழுபதாம்.

நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீயே சொல். எனக்குச் சளி. வெறும் சளி. டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுக்கிறவன் ஒரு கையில் கைக்குட்டையோடு மூக்கைச் சிந்திக்கொண்டே "கிளட்ச், கிளட்ச்" என்று கத்த முடியுமா? சொந்தத் தங்கை மகள் டாக்டராக இருக்கும்போது ஊரான் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும் என்று நம்பிப் போனேன். ஊசி ஒன்று போட்டு அனுப்பு, பத்தரைக்குப் பாடம் இருக்கிறது என்றேன்.

"இது வைரஸ் சளி மாமா. ஊசியும் வேணாம், ஆன்டிபயாட்டிக்கும் வேணாம். நல்லா தண்ணி குடிங்க, ரெஸ்ட் எடுங்க. ஒரு வாரத்துல தானாப் போயிடும்."

"தானாப் போறதுக்கு நீ எதுக்கும்மா அத்தனை வருஷம் படிச்சே?"

சிரிக்கிறாள்! சிரித்துவிட்டு, "சளி கிடக்கட்டும். ராத்திரி எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போறீங்க?" என்கிறாள். இது மாமனிடம் கேட்கிற கேள்வியா? அவள் அறைக் கதவு அட்டை மாதிரி மெல்லிசு. வெளியே பெஞ்சில் என் மாணவி, தையல் டீச்சர், இருமலோடு உட்கார்ந்திருக்கிறார். நான் விரலில் நாலு என்று காட்டினேன். "நாலு தடவையா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். தாகம் எடுக்குதா, எடை குறைஞ்சிருக்கா, தாத்தாவுக்குச் சர்க்கரை இருந்துச்சா என்று வரிசையாகக் கேட்டு, இடுப்பை டேப்பால் அளந்து, விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, மெஷினைப் பார்த்து, "முன்னூத்திப் பன்னெண்டு" என்றாள். நான் வந்தது மூக்குக்காக.

அதற்குப் பிறகுதான் அந்த அக்கிரமம். "ஷூவையும் சாக்ஸையும் கழட்டுங்க மாமா."

"மூக்கு மேல இருக்கும்மா. நீ எங்க தேடுற?"

கழற்ற வைத்துவிட்டாள். வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள். போர்டில் காகிதம் குத்துகிற பின் ஒன்று என் உள்ளங்காலில் தலைவரைக்கும் ஏறியிருந்தது. திங்கட்கிழமை ஸ்கூலில் போக்குவரத்துக் குறிகள் அட்டையை மாட்டியபோது ஷூவுக்குள் விழுந்ததாக இருக்க வேண்டும். அன்றைக்கு வியாழன். மூன்று நாள் அதை மிதித்துக்கொண்டே மாடி ஏறியிருக்கிறேன், வண்டி ஓட்டியிருக்கிறேன். சாக்ஸில் இருந்த கறையை ஷூ பாலிஷ் என்று நினைத்து உன் அண்ணியைத் திட்டியும் இருக்கிறேன்.

பின்னைப் பிடுங்கிக் கழுவிக் கட்டுப்போட்டாள். பிறகு, "கண்ணை மூடிக்கோங்க. கால்ல எங்க தொட்டாலும் உடனே சொல்லுங்க" என்றாள். பள்ளிக்கூடப் பையன் மாதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம் கேட்கிறது, வெளியே டீச்சர் இருமுவது கேட்கிறது, வேறு ஒன்றும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சீக்கிரம் ஆரம்பிம்மா, பத்தரைக்குப் பாடம் இருக்கு."

"பத்து இடத்துல தொட்டுட்டேன் மாமா."

கண்ணைத் திறந்தேன். கையில் ஒரு நைலான் இழையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

சர்க்கரை வருஷக்கணக்காக இருந்திருக்குமாம், நரம்பு மரத்துவிட்டதாம். இருக்கட்டும். ஒரு கடிதாசு கூடப் போடாமல் உடம்புக்குள் குடியேறியதற்கு நான் எப்படிப் பொறுப்பு? சளிக்குக் கேட்டபோது கொடுக்காத ஊசியை, பின் குத்தியதற்கு டெட்டனஸ் ஊசி என்று அழுத்திப் போட்டாள். மாத்திரை மூன்று, புண் ஆறியதும் நடை அரை மணி நேரம், உப்பு பாதி, வெறுங்காலோடு வீட்டுக்குள்ளும் நடக்கக் கூடாது. கடைசியாக, "நான் சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. பக்கத்து சீட்டும் வேணாம்" என்று முடித்தாள். இருபத்தேழு வருஷம், பக்கத்து சீட்டில் வாத்தியாருக்கென்று இருக்கிற பிரேக்கை மிதித்து எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய கால் இது! முதலாளியிடம் நீங்களே சொல்லிடுங்க மாமா என்று மரியாதையாகத்தான் சொன்னாள். நான் சொல்வதற்குள் உன் அண்ணி போன் போட்டுவிட்டாள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து குச்சியால் 'இடப்பக்கம் திரும்பாதே' அட்டையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணி தினமும் காலையில் கண்ணாடியைப் பிடித்து என் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். முப்பத்து மூன்று வருஷத்தில் என் முகத்தை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாளா?

ஒன்று சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். கிளினிக்குக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், அந்தச் செவ்வாய்க்கிழமை, தையல் டீச்சர் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் சலூன் கண்ணாடியை நோக்கி நேராகப் போனார். உள்ளே ஒருவர் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரேக்கை முழுசாக அழுத்தினேன். அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கால் பிரேக்குக்குப் பக்கத்தில், வெறும் பாய்மேல் இருக்கிறது. டீச்சர்தான் அலறிக்கொண்டே நிறுத்தினார். கண்ணாடிக்கும் வண்டிக்கும் ஒரு சாண்.

"சார், நீங்க பிரேக் போடலையா?"

"உங்களுக்கு வெச்ச பரீட்சைம்மா. பாஸாயிட்டீங்க."

அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார்.

ஆனாலும் நான் கேட்பது அதுவல்ல. பெற்றவள் நீ, அவளைக் கூப்பிட்டுக் கண்டித்து வை. நோயே இல்லாதவனைக் கூப்பிட்டு நோயாளி ஆக்குவதற்குப் பேர் வைத்தியமா? சளிக்கு வந்தால் சளியோடு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ரயிலடிப் பக்கம் ஒரு டாக்டர் இருக்கிறார், கேட்ட ஊசியைக் கேட்டபடி போடுவார், அங்கே போய்விடுவேன். சளியும் அவள் சொன்னபடியே ஏழாம் நாள் போய்த் தொலைந்தது. அதில்தான் இன்னும் எரிகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குடும்பத்தோடு எல்லாரும் குறையில்லாமல் நூறு வயது இருங்கள்.

கோபம் தீராத,
உன் அண்ணன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது உன் அண்ணி ஒன்று சொன்னாள். போன வாரம் கடைத்தெருவில் ஒரு செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடுவரை நடந்து வந்தாயாமே. போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாயாம், இவளும் சேர்ந்து சிரித்தாளாம். மேலே எழுதியிருப்பதையெல்லாம் கிழித்துப் போடு. போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுத்தில் போடுகிறேன். இது கைக்குக் கிடைத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறு. கிளினிக்கில் சனிக்கிழமைக்கு முதல் டோக்கன் வாங்கிவிட்டேன். "யாருக்கு மாமா?" என்று உன் மகள் கேட்டாள். உங்க அம்மாவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே வந்து சொல்.