கேள்வி இல்லாத ஆள்

"கேள்வி இல்லாத்த ஆளை முன்னால இருத்தணும், கேட்டோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார் அதிகாரியின் டிரைவர் வேலாயுதன்.

ஆறுமுகநயினார் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து மூன்றே வாரம். பழவங்காடியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தற்காலிக வேலை. ஊனமுற்றோர் சட்டம் வந்து எட்டு வருஷமாகிறதே, அரசாங்கம் அதில் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று ஊனமுற்றவர்களையே கேட்க இன்று கூட்டம். கேட்டுக்கொள்ள வருகிறவர் துறையின் பெரிய அதிகாரி. கூட்டம் ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் ஊருக்கு ரயில் என்று செயலாளர் ஜெயஷீலா சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

கேள்வி கேட்காதவர்களை முன்னால் வைத்தால் அதிகாரிக்குத் தொந்தரவு இருக்காதுதான். அரசாங்கத்தின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே நயினார் வரிசை வரிசையாகப் போனான்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கேள்வி இருக்கா?"

"ஒம்பது இருக்கு" என்றார் சக்கர நாற்காலியில் இருந்த சிவதாணு.

"அப்போ பின்னால போயிருங்க."

"எட்டு வருஷமா அங்கதான தம்பி இருக்கோம்" என்று சிவதாணு சக்கரத்தைத் திருப்பினார்.

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த கிருஷ்ணவேணிக்குக் காது கேட்காது. எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தைக் காட்டினாள். அவளுக்குக் கடைசி வரிசை கிடைத்தது.

ஹாலிலேயே கேள்வி இல்லாதவர் டீ கொண்டுவந்தவர் ஒருவர்தான். முன்வரிசை காலியாகக் கிடந்தால் நன்றாக இருக்காதே என்று, பக்கத்துச் சிப்ஸ் கடையில் கெஞ்சி நாலு பேரைக் கூட்டிவந்து அவரோடு உட்கார வைத்தான்.

ஜெயஷீலா வந்து பார்த்தார். "நயினார், இவங்க யாரு?"

"கேள்வி இல்லாதவங்க, மேடம். டிரைவர் சொன்னாரு."

ஜெயஷீலா தலையில் கைவைத்தார். "மலையாளத்துல கேள்வின்னா காது கேக்கறது. காது கேக்காதவங்களை முன்னால இருத்தச் சொல்லியிருக்காங்க. அங்கதான சைகை தெரியும்?"

நயினார் சிப்ஸ் கடைக்காரர்களை எழுப்பினான். காது கேளாத பதினொரு பேர் முன்னால் வர, சக்கர நாற்காலிகள் வழிவிட, நடுவில் டீ கொட்ட, ஹால் சந்தைக்கடையாகிவிட்டது. சைகையில் சொல்லும் வெங்கடேஸ்வரனுக்கு நிற்க இடமில்லை. அதிகாரியின் நாற்காலியை மேடையின் பின்சுவரோடு தள்ளி இடம் பண்ணினான். அதிகாரியும் வந்து சுவரோரம் அமர்ந்தார்.

கிருஷ்ணவேணி கைகளால் பேசினாள். வெங்கடேஸ்வரன் சபையைப் பார்த்து அதைக் குரலில் சொன்னார். "காது கேக்காதவங்க குறை சொல்றதுக்குன்னு ஒரு நம்பர் கொடுத்திருக்கீங்க. அது போன் நம்பர்."

ஹால் சிரித்தது. நயினாருக்குச் சிரிப்பு வரவில்லை. இவளையா கடைசி வரிசைக்கு அனுப்பினோம் என்று வெட்கமாக இருந்தது.

அதிகாரி முகம் மலர்ந்து தலையாட்டினார். "செய்யலாம்."

"உங்க ஆபீசுக்குப் பதினாறு படி" என்றார் சிவதாணு. "என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க. சாய்வா ஒரு பாதை போடணும்."

"செய்யலாம்."

"ஒரு நாள் நீங்களும் சக்கர நாற்காலியில வந்து பாக்கணும்."

"தாராளமா செய்யலாம்."

இருபத்தேழு கோரிக்கைகள். இருபத்தேழுக்கும் 'செய்யலாம்'. நயினார் ஒன்றுவிடாமல் எழுதினான். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட அதிகாரி படிக்க நிற்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். ஜெயஷீலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தர் நம்ம சொல்றதைக் கேட்டதே இல்ல. நாளைக்கு உன் வேலை ஆர்டரை வாங்கிக்கோ, நயினார்."

நயினார் சந்தோஷம் தாங்காமல் வாசலுக்கு ஓடினான். அதிகாரி காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேலாயுதண்ணே, நீங்க சொன்னபடியே காது கேக்காத பதினொரு பேரையும் முன்னால இருத்திட்டேன்லா."

அதிகாரியின் காதருகில் நின்றுகொண்டே வேலாயுதன் உரக்கச் சொன்னார்: "பதினொரு பேரா? நான் இருத்தச் சொன்னது எங்க சாரையாக்கும்."