பதினேழாம் நம்பர்

பதினேழாம் நம்பர் நத்தை மறுபடியும் குளத்தின் அந்தக் கரையில் இருந்தது.

நேற்று மாலை இந்தக் கரைப் புதரடியில்தான் நத்தையார் அதை விட்டுவிட்டுப் போனார். நடுவில் அறுபது மீட்டர். ஒரு நாளில் மூன்று மீட்டர் போனாலே அது நத்தைகளில் ஓட்டப்பந்தய வீரர். டேப்பை இரண்டு தடவை பிடித்து அளந்தார். அறுபதேதான்.

பல்கலைக்கழகத்தில் அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் நத்தையார். வெயில் கூடக் கூட நத்தைகள் எவ்வளவு தூரம் இடம் மாறுகின்றன என்பது அவருடைய ஐந்து வருட ஆராய்ச்சி. நாற்பது நத்தைகளின் ஓட்டில் மனைவியின் நகச்சாயத்தால் எண் எழுதி, தினமும் தேடிப் பிடித்து அளக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. கணக்கு உதைத்தால் ஆறாவது வருடம்.

"பதினொண்ணைப் பதினேழுன்னு படிச்சிருப்பீங்க. உங்க கையெழுத்து லட்சணம் அப்படி," என்றாள் மனைவி.

நியாயமாகப் பட்டது. மறுநாள் ஓடு முழுக்க அடைத்துக்கொண்டு 17 என்று எழுதினார்.

"பாட்டிலையே காலி பண்ணிட்டீங்களா? அந்த நத்தை உங்க தீசிஸைவிட வேகமாத்தான் போகுது. அதைப் போய் ஏன் படுத்தறீங்க?"

அடுத்த நாள் அந்தக் கரையில், தூரத்திலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிதாக, 17.

பேராசிரியரிடம் ஓடினார். அவர் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அந்தக் கரையில நிழல் இருக்கில்ல? சூடு தாங்காம ஓடுதுய்யா! உலகத்துலேயே வேகமான நத்தை நம்மகிட்ட இருக்கு!"

"சார், மத்த முப்பத்தொன்பதும் சும்மா இருக்கே..."

"அதுங்களுக்கு இன்னும் உறைக்கல. இதுல ஒரு கையெழுத்துப் போடு."

எந்தத் தாளை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது நத்தையாரின் ஐந்து வருடப் பழக்கம். போட்டார். 'வெப்பத்துக்குத் தப்பியோடும் நத்தை' என்ற கட்டுரைச் சுருக்கம் அவர் பெயரில் குழுவுக்குப் போய்விட்டது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

இனி பின்வாங்கவும் முடியாது. மறுநாள் வீட்டிலிருந்து மாவு சலிக்கும் சல்லடையை எடுத்து வந்து, நத்தையின் மேல் கவிழ்த்து, உச்சியில் ஒரு கல்லை வைத்தார்.

குளக்கரை பெஞ்சில் தொப்பிக்காரப் பெண் ஒருத்தி தினமும் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள். கவிதை என்று நத்தையார் முடிவு கட்டியிருந்தார்.

"கொஞ்சம் பார்த்துக்கிறீங்களாம்மா? சாப்பிட்டு ஓடி வந்துடறேன்."

"போயிட்டு வாங்க சார்."

திரும்பி வந்தார். கல் வைத்தபடி இருந்தது. சல்லடை கவிழ்த்தபடி இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நத்தை அந்தக் கரையில் நிம்மதியாக இலை தின்றுகொண்டிருந்தது.

"யாராவது வந்தாங்களா?"

"நான் இங்கேயேதான் இருந்தேன் சார். வேற யாருமே வரலை."

நத்தையார் புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை குழுவினர் மூன்று பேரும் குளக்கரைக்கே வந்தார்கள். பேராசிரியர் மாப்பிள்ளை அழைப்புப் போல முன்னால் நடந்தார்.

"எங்கே அந்த நத்தை? எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க," என்றார் குழுத் தலைவர்.

பேராசிரியர் கண்ணைக் காட்டினார். நத்தையார் பட்டியலைத் தலைவரிடம் நீட்டினார். ஆறாவது வருடம் கண் முன்னால் வந்து நின்றது.

"எனக்குத் தெரியலை சார். ஒரு வாரமா மண்டையைப் பிச்சுக்கிட்டேன், புரியலை. புரியாததை எழுத மனசு வரலை. பதினேழை எடுத்துடறேன். அந்தக் கட்டுரையையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

பேராசிரியர் முகம் இருண்டது. குழுத் தலைவர் மற்ற நத்தைகளின் பட்டியலை நிதானமாகப் புரட்டினார்.

"முப்பத்தொன்பது ஒழுங்கா இருக்கே. அது போதும்யா. தீசிஸை எழுதி முடி."

அவர்கள் போனதும் நத்தையாருக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பெஞ்சுக்கு ஓடினார். தொப்பிக்காரப் பெண் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். நோட்டு திறந்து கிடந்தது. கவிதையைப் படிப்போமே என்று குனிந்தார்.

'பதினேழு காலை ஒன்பதரைக்கு வந்தது. இருமுறை அளந்தது. குழம்பி நின்றது. மதியம் சாப்பிடப் போனது. திரும்பி வந்து புல்லில் உட்கார்ந்து அழுதது.'

அவள் திரும்பி வந்தபோது நத்தையார் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு விழித்தார்.

"ஏம்மா, நத்தை எங்கேயாவது அழுமா?"

"அது நத்தை இல்லை சார். நத்தையைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டு, நீங்க என்ன பண்றீங்கன்னு எழுதறதுதான் என் வேலை. மூணு மாசம் முன்னாடி மனோதத்துவத் துறைப் படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே... எங்க ஆராய்ச்சிப் பட்டியல்ல பதினேழு நீங்கதான்."