லக்கலவைச் சுற்றி ஓர் அழகிய வட்டம்

2023 டிசம்பர் 12ஆம் திகதி, லக்கலவில் அப்துல் ஸமத்தின் வயல் வெள்ளத்தில் மூழ்கியது. அன்றைய மழை வரைபடமோ அவ்வயலை வறட்சிப் பிரதேசம் என்று காட்டுகிறது. என் முறைப்பாடு இதுவே. ஆயினும், மழையை இவ்வளவு ஒழுக்கத்துடன் அடக்கியாண்ட குழு ஈரேழு பதினான்கு உலகிலும் இல்லை என்பதை முதலிற் பதிவுசெய்யக் கடமைப்பட்டுள்ளேன்.

ஒரேயளவு மழை பெய்த இடங்களை இணைப்பது சமமழைக் கோடு. நூற்றைம்பது மில்லிமீற்றர்க் கோட்டுக்குள் அகப்பட்ட விவசாயிக்கு மறுவிதைப்புக்கு விதைநெல் உண்டு. வெளியே நிற்பவருக்கு அனுதாபம் உண்டு. ஸமத் வெளியே நின்றார். பெரும்போக விதைப்புக் காலமோ முடிந்துகொண்டிருந்தது. அவருக்கு மனு எழுதிக் கொடுத்த தமிழாசிரியன் என்ற உரிமையில், இக்கோடுகளை வரையும் மழைக்கோட்டுக் குழுவின் கூட்டத்துக்கு நானும் சென்றேன்.

குழுத் தலைவர் தர்மராஜா வரைபடத்தை விரித்தார். மாவட்டமெங்கும் ஆற்றொழுக்காக ஓடிய கோடுகள், லக்கலவைக் கண்டதும் பயபக்தியுடன் விலகி, அதைச் சுற்றி வட்டமிட்டன. நடுவில் பூச்சியம். அதன் கீழ் எழுதியிருந்த 'வறட்சி' என்பதில் வல்லின றகரம் பிழையின்றி அமைந்திருந்தது. நெகிழ்ந்தேன்.

"வடிவான வட்டம், என்ன?" என்றார் தலைவர்.

"சேர், அந்த வட்டத்துக்குள்ள, என்ட வயல்ல ஆளுங்க மீன் பிடிக்கிறாங்க," என்றார் ஸமத்.

"மீன் எங்கட பொறுப்பில்லை. லக்கல மழைமானியை ஒவ்வொரு நாளும் காலமை வாசிக்கிறம். ஒருநாளும் தவறினதில்லை."

"மானி எங்க சேர் இருக்கு?"

"முந்தி வெளியில நிண்டது. யானை ரெண்டு தரம் மிதிச்சுப்போட்டுது. இப்ப களஞ்சிய அறைக்குள்ள பூட்டிப் பத்திரமா வச்சிருக்கிறம்."

"கூரைக்குக் கீழயா?"

"பின்ன? அரசாங்கச் சொத்தை நனைய விடலாமே?"

குழு இரக்கமற்றதன்று. 'வறண்ட' லக்கலவுக்கு உடனே குடிநீர் பவுசர் வண்டி ஒன்றை அனுப்பத் தீர்மானித்தது. மறுநாள் அது ஸமத்தின் வயலோரச் சேற்றில் அச்சுவரை புதைந்தது. அதை இழுத்தெடுத்தது ஸமத்தின் உழவு இயந்திரமே. சாரதி அன்ஸாப் தலைவருக்குத் தொலைபேசியில் அலறினார்: "சேர், இங்க எல்லா இடமும் தண்ணி!"

குழு அவசரமாகக் கூடி விஞ்ஞான முடிவொன்றை எட்டியது. மானியில் மழை இல்லை. ஆகவே வயலில் நிற்பது பவுசர்த் தண்ணீர். அரசாங்கக் குடிநீரை வயலுக்குத் திருப்பியது ஏன் என்று இப்போது ஸமத்திடம் விளக்கம் கோரியுள்ளது.

"அப்ப மீனும் பவுசர்லதான் வந்திச்சா மாஸ்டர்?" என்று கேட்கிறார் ஸமத். என் நீண்டகால ஆசிரியப் பணியில் இதைவிடச் செப்பமான வினாவாக்கியம் ஒன்றை நான் கேட்டதில்லை.

விதைநெல் இன்னும் வரவில்லை. வாசகரே, அனுதாபப்பட்டது போதும், இன்றே குழுவுக்கு எழுதுங்கள். குழுவின் அடுத்த கூட்டத்தை ஸமத்தின் வயலில் கூட்டுமாறு கோருங்கள். தலைவரின் நாற்காலியை அந்த வட்டத்தின் நட்டநடுவே போடச் சொல்லுங்கள். வறட்சிதானே, கால் நனையாது.