தோட்டா மெசினும் நற்சான்றுக் கடிதமும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்பதால் இதை ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. எண்பதுகளில் மொன்ட்ரியாலில் என்னைப் பார்த்தவர்கள் நான் இப்போது எவ்வளவோ திருந்திவிட்டேன் என்பார்கள்.

காரணம் சிவம். மட்டக்களப்பான். மொன்ட்ரியால் நோர் பகுதியில் எங்களுக்கு ஒரே அறை, டவுன்டவுனில் ஒரே ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவும் வேலை. இருவருக்கும் அகதி விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்கி வரும்படி எங்கள் வழக்கைப் பார்த்த லோயர் சொல்லியிருந்தார். சிவத்துக்கு ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. எனக்கு மூன்று வரி: நேரத்துக்கு வருவார், கோப்பை உடைப்பதில்லை, கையெழுத்து. (உடைத்ததையெல்லாம் ஒளித்தது அவருக்குத் தெரியாது.) எனக்கு வயிறு பற்றி எரிந்தது. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தைக்கூடத் தாங்கலாம். சிவம் இங்கே இருக்க என்னை மட்டும் அனுப்புவார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலாளி ஒரு கியூபெக் மனிதர், மான் வேட்டையில் பைத்தியம். சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளை வீட்டிலேயே திரும்ப நிரப்ப ஒரு மெசின் வாங்கும் யோசனையில், படங்கள் போட்ட விலைப் புத்தகமொன்றைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். ஒரு வகையில் ஒவ்வொரு வேலைக்கும் அச்சைக் கழற்றி மாற்றவேண்டும். மற்றது டரெட் பிரெஸ். நாலு அச்சுப் பூட்டிய தலையைச் சுற்றிவிட்டால் அடுத்த அச்சு வந்து நிற்கும். எது நல்லது என்று சிவத்தைக் கேட்டார். தனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவன் பிரெஞ்சில் சொன்னான். தெரியாது என்பதைக்கூட அழகாகச் சொல்கிறானே என்ற ஆத்திரத்தில், ஈரக் கையோடு நான் குறுக்கே புகுந்தேன்.

டரெட்தான் திறம் என்றேன். என் முழு அனுபவமும் அம்மாவின் முறுக்கு உரல்தான். அச்சு மாற்றுகிற நேரத்தில் மா காய்ந்துவிடும், அவ்வளவுதான் தெரியும். மாவை விட்டுவிட்டு மிச்சத்தை ஓட்டை இங்கிலீசில் விளக்கினேன். முதலாளி அசந்துபோய், திங்கட்கிழமை கடைக்கே கூட்டிக்கொண்டு போனார். அங்கே கைபிடியை இழுத்தேன், தலையைச் சுற்றினேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது ஆடுகிறதா என்று பார்த்தேன், ஒரு மெசினைச் சரியில்லை என்று ஒதுக்கியும் வைத்தேன். இதெல்லாம் எங்கே பழகினாய் என்று முதலாளி கேட்டார். எங்கள் நாட்டில்தான் என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அடுத்த கிழமை முதலாளியிடமிருந்து புதுக் கடிதம் கிடைத்தது. முழுதாக இரண்டு பக்கம். பிரெஞ்சில் இருந்ததால் என் பெயரை மட்டும் வாசிக்க முடிந்தது. சிவத்தின் கண்ணில் படும்படி மேசையில் வைத்து, அவன் வாசிக்க முதல் எடுத்துவிட்டேன். நேரே லோயரின் கந்தோருக்குப் போனேன். அங்கே மொழிபெயர்க்கிற அண்ணை, ஊரில் வாத்தியாராக இருந்தவர், இரண்டு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, துவக்கைக் கண்டாலே பயம், அதாலதான் ஓடி வந்தனான் எண்டெல்லே அகதி மனுவுக்கு எழுதித் தந்தனீர்?”

“ஓம் அண்ணை.”

“தோட்டா நிரப்புறதில உமக்கு ஊரிலயே நல்ல பழக்கமாம். இப்பிடி ஒரு கைகாரனைத் தான் கண்டதில்லை எண்டு உம்மட முதலாளி எழுதியிருக்கிறார்.”

விசாரணைக்கு மூன்று நாள்தான் இருந்தது. முதலாளிக்குப் பிரெஞ்சில் உண்மையைச் சொல்லக்கூடியவன் ரெஸ்டோரன்டில் ஒருத்தன்தான். வீட்டுக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன், முறுக்கு உரல் உட்பட. சிவம் சிரிக்கவில்லை.

“என்னட்டக் கேட்டிருக்கலாமே மச்சான், நான் வாங்கித் தந்திருப்பனே” என்றான்.

அவன் நல்லவனாகவும் இருந்தது எனக்கு மேலும் எரிச்சலாக இருந்தது. மறுநாளே அவன் சொல்லச் சொல்ல முதலாளி எழுதிய புதுக் கடிதம் வந்தது. எங்கள் இருவரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

பல வருசம் கழித்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் மகள் அந்தக் கடைசிக் கடிதத்தின் பிரதியைத் தேடியெடுத்து, சாப்பாட்டு மேசையில் தமிழில் சொன்னாள். இவர் மற்றவர்களின் முன்னேற்றத்தைக் கண்டு மனதார மகிழ்பவர், பொறாமை என்றால் என்னவென்றே அறியாதவர். மனைவி சிரித்துப் புரைக்கேறித் தண்ணீர் கேட்டாள். சிவம் அதைக் கேலியாகச் சொன்னானா, மெய்யாகவே நம்பினானா என்று கேட்க எனக்கு இன்றுவரை துணிவில்லை.

அன்றிலிருந்து, யாராவது புதுக் கார் வாங்கிவிட்டார்கள் என்று நான் வாயைத் திறந்தால் போதும், மகள் அந்த வரியைப் பிரெஞ்சில் ஒப்புவிக்கத் தொடங்கிவிடுவாள். சிவம் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கிய செய்தி வந்த அன்று மூன்று தரம் சொன்னாள்.