மைமூன் வீட்டு ஃபிரிட்ஜ்

மைமூன் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுப் பரிபூரணத்தின் இன்சுலின் உள்ளே இருந்தது. தெருமுனையில் ராஜபாளையம் மில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"மருந்த எடு மைமூனு. பஸ் போயிரும்."

"ராத்திரி என்னக்கா சாப்பிட்டிய? சொல்லுங்க, தாரேன்."

"புரோட்டா."

"எம்புட்டு? பொறவு?"

"பொறவு ரெண்டு வாழைப்பழம். போதுமா? நீ என்ன போலீசா?"

பரிபூரணத்துக்கு ஆத்திரம் வருமா வராதா? கால்புண் ஆறவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் தூக்கமே இல்லை. இதில் தினமும் பக்கத்து வீட்டு விசாரணை வேறு. சொந்தமாக ஒரு ஃபிரிட்ஜ் இல்லாதது அவ்வளவு பெரிய குற்றமா? மருந்தைப் பிடுங்கினாள்.

"இனி ஒன் வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளு."

சுயம்புலிங்கத்தின் கூல்டிரிங்க்ஸ் கடை ஃபிரிட்ஜில் மருந்துக்கு இடம் கிடைத்தது. அவர் எதையும் விசாரிக்கவில்லை, ஊருக்கே அறிவித்தார்.

"சுகர் அக்காவுக்கு வழி விடுங்கப்பா. அவியளுக்குச் சர்க்கரை முந்நூத்தம்பது."

போதாக்குறைக்கு, இன்னும் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மருந்தை ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கல்லாக உறைந்த மருந்து குப்பைக்குப் போனது.

புது மருந்தைச் சபைப் போதகர் வீட்டில் வைத்தாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக்கைப் பிடித்தார்.

"நம் சகோதரி பரிபூரணம் புரோட்டாவை விட்டு விலகும்படி ஜெபிப்போம்."

சபையே கண்ணை மூடிக்கொண்டது. அவளுக்குப் பற்றி எரிந்தது. அன்றைக்கே மருந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எவனும் வேண்டாம், ஊசியும் வேண்டாம் என்று வீம்பாகக் கிடந்தாள்.

புண் கறுக்கத் தொடங்கியது. விரலை நினைத்ததும் வீம்பெல்லாம் போய்விட்டது. மருந்தோடு மைமூன் வீட்டுக் கதவையே போய்த் தட்டினாள். மைமூனின் மகள் ஆலியா திறந்தாள்.

"ஏட்டி, ஒங்கம்மா எங்க? எம்மேல உள்ள அக்கறையிலதான கேட்டா, நான்தான் கிறுக்கச்சி மாதிரி கத்திட்டேன். இனி என்ன கேட்டாலும் ஒளிக்காம சொல்லுதேன்."

ஆலியா தயங்கினாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காவ பெரியம்மா. அவியளுக்கும் சுகர்தான். நீங்க எதெதைத் தின்னியன்னு கேட்டு, அதை மட்டும் தொடாம இருந்துதான் இத்தனை நாளும் கட்டுப்பாட்டுல வச்சிருந்தாவ."