பனியில் நகர்ந்த முளைகள்

இந்த முறை பூவாயிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமான நாள் முதல் விட்டுக்கொடுத்ததே போதும். புது வீட்டில் முன் அறை பெரிதாக இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருந்தது, என் மனைவி பூவாயி பேரில். மொத்தமே முந்நூற்று அறுபது சதுர அடி. முன் அறையில் கட்டிலைப் போட்டு, வருகிறவர்களோடு பேசிக்கொண்டு கிடக்க வேண்டும் என்பது என் ஆசை. மேஸ்திரி மாதேஷோ அவள் பேச்சைக் கேட்டு, முன் அறையும் அடுப்படியும் சரிபாதி என்று முளையடித்துக் கயிறு கட்டிவிட்டான். அரசாங்கத்தில் இருந்து ஓவர்சியரம்மா வந்து அளந்து போட்டோ எடுத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

நல்லவேளை, எங்கள் ஊர் செம்மநத்தத்தில் பனி இறங்கியது. எதிரே நிற்கும் ஆடு தெரியவில்லை. ஓவர்சியரம்மா வருவது தள்ளிப்போனது. பல் விளக்கும் சாக்கில் நடுக்கயிற்று முளைகளைப் பிடுங்கி, அடுப்படிப் பக்கம் ஒரு சாண் தள்ளி அடித்தேன். மறுநாளும் ஒரு சாண். ஒரு வாரம் இப்படியே போனது.

அடுப்படி கோழிக்கூடு ஆகிவிட்டது. பூவாயி சண்டைக்கு வரவில்லை. எனக்குத்தான் குழப்பம். நானே வாயைக் கொடுத்தேன்.

"ஏம்புள்ள, அடுப்படி சின்னதாத் தெரியல?"

"பனியில எல்லாமே அப்புடித்தானுங்க தெரியும்."

"எடம் பத்துமா?"

"நொம்ப தாராளமுங்க. இன்னும் ஒரு சாண் தள்ளுனாலும் செரிதான்."

சாண் கணக்கு இவளுக்கு எப்படித் தெரியும்? யோசித்தேன். புரியவில்லை. ஆனாலும் இன்னும் ஒரு சாண் தள்ளினேன்.

பனி விலகியது. ஓவர்சியரம்மா வந்து டேப் பிடித்தார்.

"வெளி அளவு செரியா இருக்கு. எது முன் ரூம், எது சமையல்?"

நான் வாயைத் திறந்தேன்.

"பயனாளி நீங்களாங்கய்யா?"

மூடிக்கொண்டேன்.

"ஏஞ்சாமி மாதேசு, வாசப்படிய அந்தச் சின்ன பக்கம் வெச்சிரு. பெரிய பக்கம் அடுப்படி" என்றாள் பூவாயி.

"மொதல்ல மாத்தியில்ல சொன்னீங்கக்கா?"

"மொதல்ல பாதிதான கண்ணு கெடச்சுது. உங்க மாமா பனியில நடுங்கிக்கிட்டு, தெனமும் முளையப் புடுங்கி எனக்காகப் பெருசு பண்ணியிருக்காரு. வீணாக்கலாமா?"

"இப்படி ஒரு வீட்டுக்காரர் யாருக்கும்மா கெடைப்பாரு!" என்றார் ஓவர்சியரம்மா.

வீடு முடிந்தது. முன் அறையில் கட்டில் நுழையவில்லை. பெரிய அறையில்தான் போட்டிருக்கிறோம். அதில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன். உரிக்க வேண்டிய பூண்டு இன்னும் பாதி இருக்கிறது.